அரண்மனைப் படமும் விக்கிரகக் கேள்வியும்

லண்டனுக்குத் தென்மேற்கே தேம்ஸ் கரையில் நிற்கும் ஹாம்ப்டன் கோர்ட், டியூடர் மன்னர்கள் வாழ்ந்த அரண்மனைகளில் பெருமளவு எஞ்சியிருக்கும் ஒன்று. அதன் மேற்கு முகப்பை விக்டோரியா காலத்துப் புகைப்படக்காரர்கள் திரும்பத் திரும்பப் படமெடுத்தார்கள். நடுவில் பெருவாயில், இரு பக்கமும் நீண்டு செல்லும் செங்கல் சுவர், கூரைக்கு மேல் புகைபோக்கிகளின் கூட்டம், முன்னால் வெறிச்சென்று கிடக்கும் பாதை. இந்தப் படங்களின் பிரதிகள் பெரிதாக்கிச் சட்டமிட்டு இன்று வீட்டு வரவேற்பறைகளிலும் விடுதி நடைகூடங்களிலும் மாட்டப்படுகின்றன. பழுப்பேறிய நிறமும் ஆளரவமற்ற முற்றமும் அவற்றுக்கு ஒரு கம்பீரத்தைத் தருகின்றன. வாங்குபவர் பெரும்பாலும் அந்தக் கம்பீரத்துக்காகவே வாங்குகிறார்.

இதில் சமயக் கேள்வி எங்கே வந்தது? சுவரில் எந்த உருவம் இருக்கலாம், எது இருக்கக் கூடாது, உருவத்துக்குக் காட்டும் மரியாதை எங்கே போய்ச் சேர்கிறது என்று இங்கிலாந்து 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் கடுமையாகச் சண்டையிட்டது. சட்டம், சம்மட்டி, சுண்ணாம்புப் பூச்சு மூன்றும் அந்தச் சண்டையில் ஆயுதங்களாயின. ஹாம்ப்டன் கோர்ட் அதற்கு வெறும் சாட்சி அல்ல. சண்டையின் முக்கியமான பாத்திரங்கள் பலர் அங்கே பிறந்தார்கள், மணந்தார்கள், வாதிட்டார்கள். ஆகவே அந்த அரண்மனையின் படத்தைச் சுவரில் மாட்டுவது வழிபாடா, நினைவா, வெறும் அலங்காரமா என்று கேட்க வேண்டுமானால், அதற்குரிய சொற்களை அந்த வீட்டுக்காரர்களிடமிருந்தே கடன் வாங்கலாம்.

அரண்மனை தொடங்கியதே திருச்சபைக் கைகளில்தான். அந்த நிலம் புனித யோவான் சபை வீரத்துறவிகளுக்குச் சொந்தமாக இருந்தது. 1514-ல் தாமஸ் வூல்சி அதைக் குத்தகைக்கு எடுத்தார். மறு ஆண்டு கர்தினால் ஆனார். ஐரோப்பாவின் எந்தத் திருச்சபைத் தலைவரும் பொறாமைப்படும்படி ஒரு மாளிகையை எழுப்பினார். 1521-ல் இத்தாலியச் சிற்பி ஜொவான்னி தா மையானோவிடம் ரோமப் பேரரசர்களின் முகங்களைச் சுடுமண்ணில் வட்டப் பலகைகளாகச் செய்யச் சொன்னார். அவற்றில் பல இன்றும் வாயில் சுவர்களில் இருக்கின்றன. கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய பேரரசர்களின் முகங்கள் ஒரு கர்தினாலின் வாசலை அலங்கரித்ததில் அப்போது யாருக்கும் நெருடல் இல்லை. எட்டாம் ஹென்றியின் முதல் திருமணத்தைச் செல்லாதது என்று அறிவிக்க ரோமாபுரியின் சம்மதத்தைப் பெற்றுத் தர முடியாததால் 1529-ல் வூல்சி வீழ்ந்தார். மாளிகை மன்னர் வசமாயிற்று. 1534-ல் ஹென்றி இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவர் தாமே என்று சட்டம் செய்துகொண்டார். அதே ஆண்டுகளில்தான் ஹாம்ப்டன் கோர்ட்டின் பெருமண்டபம் எழுந்தது.

அந்த மண்டபத்தின் சுவரில் எது தொங்கியது என்பது இந்தக் கட்டுரைக்கு முக்கியம். 1540-களின் தொடக்கத்தில் ஹென்றி பிரஸ்ஸல்ஸ் நெசவாளர்களிடம் ஆபிரகாமின் வரலாற்றைச் சொல்லும் பத்துச் சித்திரத் திரைச்சீலைகளை வாங்கினார். கம்பளி, பட்டு, வெள்ளி இழை, பொன் இழை கலந்த நெசவு. ஒவ்வொன்றும் ஒரு பெரிய சுவரை மூடும் அளவு. ஹென்றி இறந்தபோது அவரிடம் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட திரைச்சீலைகள் இருந்தன. அவற்றில் இந்தப் பத்துக்குத் தனி இடம் உண்டு. கடவுள் இடையில் எந்தக் குருவும் இல்லாமல் நேரடியாக உடன்படிக்கை செய்துகொண்ட குலத்தலைவர் ஆபிரகாம். முதிர்ந்த வயதில் ஒரு மகனைப் பெற்றவர். பாப்பரசரை விலக்கிவிட்டு, காத்திருந்து ஒரு மகனைப் பெற்ற மன்னருக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைத்திருக்காது. அலங்காரம் என்று தோன்றும் அந்தச் சுவர் உண்மையில் ஓர் இறையியல் வாதம்.

அதே மன்னரின் அரசாங்கம் மறுபுறம் உருவங்களை அகற்றத் தொடங்கியிருந்தது. 1538-ல் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் வெளியிட்ட கட்டளைகள், மக்கள் யாத்திரை போய் மெழுகுதிரி ஏற்றிக் காணிக்கை வைத்த சுரூபங்களை நீக்கச் சொன்னன. படிக்காதவர்களுக்கு நினைவூட்டும் உருவங்கள் இருக்கலாம், வணங்கப்படுபவை கூடாது. கேன்டர்பரியில் புனித தாமஸ் பெக்கெட்டின் கல்லறைத் திருத்தலம் அதே ஆண்டு தகர்க்கப்பட்டது. ஹென்றியின் மகன் ஆறாம் எட்வர்ட் 1537 அக்டோபர் 12 அன்று ஹாம்ப்டன் கோர்ட்டில் பிறந்தவர். அங்குள்ள அரச சிற்றாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவர். அவர் அரியணையில் இருந்தபோது அந்த நுண்ணிய வேறுபாடு நடைமுறையில் நிற்கவில்லை. எந்தச் சுரூபம் வணங்கப்பட்டது, எது வெறும் நினைவு என்று ஊருக்கு ஊர் சச்சரவு எழுந்தது. 1548 பிப்ரவரியில் அவருடைய மன்றம் எல்லா உருவங்களையும் எடுத்துவிடும்படி ஆணையிட்டது. ஆலயச் சுவர்களின் ஓவியங்கள் மீது வெள்ளைச் சுண்ணாம்பு ஏறியது. பெரிய சிலுவை நின்ற இடங்களில் அரச மரபுச் சின்னம் வந்து அமர்ந்தது. சுவர் வெறுமையாக இருந்த காலம் மிகக் குறைவு.

1550-ல் வந்த சட்டம் இன்னும் கூர்ந்து பார்க்கத்தக்கது. ஆலயங்களில் மிஞ்சிய சுரூபங்களை அழிக்கச் சொன்ன அந்தச் சட்டமே ஒரு விலக்கும் தந்தது: மன்னர், இளவரசர், பிரபு அல்லது புனிதர் என்று பொதுவாக மதிக்கப்படாத வேறு எவருடைய கல்லறையிலும் உள்ள உருவத்துக்கு இது பொருந்தாது. 1560-ல் முதலாம் எலிசபெத் ஒரு பிரகடனத்தில் இதையே வேறு வகையில் சொன்னார். முன்னோரின் நினைவுச் சின்னங்கள் வணக்கத்துக்காக அல்ல, நினைவுக்காக வைத்தவை. அவற்றை உடைப்பவர் தண்டிக்கப்படுவார். புனிதரின் முகம் உடைய வேண்டும், பிரபுவின் முகம் நிலைக்க வேண்டும். இரண்டும் ஒரே சிற்பியின் உளியில் பிறந்தவையாகக்கூட இருக்கலாம். உருவத்தின் உள்ளே எந்த வித்தியாசமும் இல்லை. பார்ப்பவர் அதனிடம் எதை எதிர்பார்க்கிறார் என்பதில்தான் வித்தியாசம். நினைவுக்காக மட்டும் உள்ள உருவம் என்று சட்டம் வகுத்த இந்தப் பிரிவில்தான், பல நூற்றாண்டுகள் கழித்து, அரண்மனைப் புகைப்படமும் வந்து சேர்கிறது.

எலிசபெத்தே தம் சிற்றாலயத்தில் பாடுபட்ட சுரூபம் ஒன்றை வைத்திருந்து சீர்திருத்த ஆயர்களின் மனக்குறைக்கு ஆளானார். அவருக்குப் பின் வந்த முதலாம் ஜேம்ஸ் 1604 ஜனவரியில் ஆயர்களையும் தூய்மைவாதிகளையும் ஹாம்ப்டன் கோர்ட்டுக்கு அழைத்து விவாதிக்க வைத்தார். ஞானஸ்நானத்தில் சிலுவை அடையாளம் இடலாமா என்பது அங்கே எழுந்த கேள்விகளில் ஒன்று. மாநாட்டில் தூய்மைவாதிகளின் பெரும்பாலான கோரிக்கைகள் தோற்றன. அவர்களில் ஒருவரான ஜான் ரெய்னால்ட்ஸ் கேட்ட ஒன்று மட்டும் மன்னருக்குப் பிடித்துப்போனது. 1611-ல் வெளிவந்த ஆங்கில வேதாகம மொழிபெயர்ப்பு அதன் விளைவு. உருவத்தைக் குறித்த சண்டையில் எழுத்துக்குக் கிடைத்த மிகப் பெரிய பரிசு அது.

உள்நாட்டுப் போரின்போது, 1645-ல், நாடாளுமன்ற ஆணைப்படி ஹாம்ப்டன் கோர்ட் சிற்றாலயத்தின் வண்ணக் கண்ணாடிகள் உடைக்கப்பட்டன, பீடம் அகற்றப்பட்டது. மேலே ஹென்றி அமைத்த மர விதானம் தப்பியது. நீலத்தில் பொன் நட்சத்திரங்கள், குழல் ஊதும் சிறு தேவதூதர்கள், அரசரின் குறிக்கோள் வாசகம் எல்லாம் இன்றும் அங்கே உள்ளன. பிறகு ஆட்சியாளராக அங்கே வந்தவர் ஆலிவர் குரோம்வெல். தலை வெட்டப்பட்ட மன்னர் முதலாம் சார்லஸின் உடைமைகளை விற்கப் பட்டியலிட்டபோது ஆபிரகாம் திரைச்சீலைகளுக்கு 8,260 பவுண்டு மதிப்பிட்டார்கள். பட்டியலிலேயே அதுதான் உயர்ந்த தொகை. குரோம்வெல் அவற்றை விற்க விடவில்லை, தமக்கே வைத்துக்கொண்டார். தோட்டத்தில் இருந்த கிரேக்க, ரோமத் தெய்வச் சிலைகளையும் விட்டுவைத்தார். அவை கடவுளின் கோபத்தைக் கொண்டுவரும், உடைத்தெறியுங்கள் என்று ஒரு பெண்மணி அவருக்குக் கடிதமே எழுதினார். ஆலயத்துக்குள் கண்ணாடிக் கிறிஸ்து கூடாது, அரண்மனைத் தோட்டத்தில் வெண்கல வீனஸ் இருக்கலாம் என்ற நிலை அந்தப் பெண்மணிக்குப் புரியவில்லை. தர்க்கம் அவர் பக்கம்தான் இருந்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

இந்தச் சச்சரவின் கோட்பாட்டு வேர் இன்னும் பழையது. நான்காம் நூற்றாண்டில் செசரியா ஆயர் புனித பசிலியு, உருவத்துக்குச் செய்யும் மரியாதை அதன் மூலவரைச் சென்றடைகிறது என்று எழுதினார். அவர் பேசிக்கொண்டிருந்தது மரத்திலும் வண்ணத்திலும் செய்த திருவுருவங்களைப் பற்றி அல்ல. மகனாகிய கிறிஸ்து தந்தையின் சாயல் என்பதைப் பற்றி. அதை விளக்க அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு அரசரின் உருவம். அரசரும் அரசரின் படமும் இரண்டு அரசர்கள் ஆவதில்லை. கி.பி. 787-ல் கூடிய இரண்டாம் நீசேயா சங்கம் இந்த வாக்கியத்தைத் திருவுருவ வணக்கத்தின் அடிப்படையாக ஏற்றுக்கொண்டது. கடவுளுக்கு மட்டும் உரிய ஆராதனை வேறு, திருவுருவத்துக்குரிய மரியாதை வேறு என்றும் பிரித்தது. கிறிஸ்தவ உலகின் திருவுருவக் கோட்பாடு அரச உருவத்தை வைத்துப் பிறந்தது என்பதை நினைவில் வைத்தால், எட்வர்டின் ஆட்கள் சிலுவையை இறக்கிவிட்டு அரசச் சின்னத்தை ஏற்றியது அவ்வளவு விநோதமாகத் தெரியாது. கோட்பாடு புறப்பட்ட வீட்டுக்கே திரும்பியது, அவ்வளவே.

மேற்குத் திருச்சபை இதைவிட எளிய நியாயம் ஒன்றையும் வைத்திருந்தது. கி.பி. 600-ஐ ஒட்டி, மர்சேய் நகர ஆயர் செரேனுஸ் உருவங்களை உடைத்தபோது, பாப்பரசர் முதலாம் கிரகோரி அவரைக் கண்டித்துக் கடிதம் எழுதினார். படிக்கத் தெரியாதவர் சுவரில் பார்த்துக் கற்றுக்கொள்கிறார். வணங்குவதைத் தடுத்தது சரி, உடைத்தது தவறு. சீர்திருத்தவாதிகள் இந்த நியாயத்தையே தாக்கினார்கள். ஆனால் அவர்களும் ஒரே குரலில் பேசவில்லை. லூத்தர் 1522-ல் விட்டன்பெர்க்கில் உருவ உடைப்பு தொடங்கியதும் திரும்பி வந்து, உருவங்கள் தம்மளவில் நல்லவையும் அல்ல, கெட்டவையும் அல்ல என்று பிரசங்கித்தார். சூரிச்சில் ஸ்விங்லி ஆலயங்களைக் காலிசெய்தார். ஆனால் வணக்கத்துக்கு இடமில்லாதபடி, ஆலயத்துக்கு வெளியே, வரலாற்றுச் சித்திரமாக இருப்பதை எதிர்க்கவில்லை. கால்வினின் நிலைதான் இங்கே மிகவும் பயன்படுவது. கடவுளை உருவத்தில் காட்டுவது அவமதிப்பு என்பதில் அவர் அசையவில்லை. ஆயினும் ஓவியமும் சிற்பமும் கடவுளின் கொடைகளே என்று ஒப்புக்கொண்டு ஒரு வரம்பு போட்டார்: கண்ணால் காணக்கூடியதை மட்டும் தீட்டலாம். நிகழ்ச்சிகளைக் காட்டும் படங்கள் கற்பிக்க உதவும். வெறும் உருவங்களைக் காட்டுபவை இன்பம் தரும், அதற்கு மேல் இல்லை.

கால்வின் போட்ட வரம்பை ஓவியர்கள் யாரும் முழுமையாகக் கடைப்பிடித்ததில்லை. அதை மீற முடியாத கருவி ஒன்று மூன்று நூற்றாண்டு கழித்து வந்தது. கேமரா தன் முன்னால் இருக்கும் பொருளிலிருந்து வரும் ஒளியைத்தான் பதிக்கும். தந்தையாகிய கடவுளைப் புகைப்படம் எடுக்க முடியாது. பிரிட்டனின் ஊர்களையும் கோட்டைகளையும் ஒன்றுவிடாமல் படமெடுத்து விற்கும் பெருந்தொழிலை 1860-ஐ ஒட்டி ரைகேட் நகரில் தொடங்கிய பிரான்சிஸ் பிரித் ஒரு குவேக்கர். படமோ சிலையோ பீடமோ இல்லாத வெறும் அறையில் மௌனமாக அமர்ந்து வழிபடும் சபையின் உறுப்பினர். அதற்கு முன் எகிப்துக்கும் பாலஸ்தீனத்துக்கும் போய் வேதாகம நிலங்களைப் படமெடுத்தவர். 1860-களின் தொடக்கத்தில் அந்தப் படங்கள் வேதாகமப் பதிப்பிலேயே ஒட்டப்பட்டன. உருவத்தை அறவே ஒதுக்கிய சபையைச் சேர்ந்தவர் உருவ வணிகத்தில் பெரியவர் ஆனது முரண்போலத் தெரியலாம். கண்ணுக்குத் தெரிந்த கல்லையும் மண்ணையும் மட்டும் காட்டும் உருவத்தில் அவருடைய மனசாட்சிக்கு இடையூறு இருக்கக் காரணமில்லை.

அப்படியானால் கேள்வி முடிந்துவிட்டதா? கால்வினின் வரம்புக்குள் அடங்கும் படம், சட்டம் அனுமதித்த நினைவு வகை, ஸ்விங்லி ஒப்பும் வீட்டுச் சுவர். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. சிக்கல் பசிலியுவின் வாக்கியத்தில் இருக்கிறது. மரியாதை மூலவரைச் சென்றடைகிறது என்றால், இந்தப் படத்தின் மூலவர் யார்?

படத்தை மாட்டுபவர் டியூடர்களை நினைத்துத்தான் மாட்டுகிறார். ஆனால், எடுத்துக்காட்டாக, 1890-ல் எடுத்த ஒரு படத்துக்கும் ஹென்றி இறந்த 1547-க்கும் இடையே 343 ஆண்டுகள். அந்தப் படம் ஹென்றியைவிட இன்றைய பார்வையாளருக்குத்தான் வெகு பக்கத்தில் உள்ளது. அது காட்டுவதும் ஹென்றி பார்த்த முகப்பு அல்ல. வூல்சியின் பெருவாயில் ஐந்து மாடி உயரம் இருந்தது. 1770-களின் தொடக்கத்தில் மேல் இரண்டு மாடிகளை இடித்துவிட்டார்கள். புகைப்படத்தில் கம்பீரமாகத் தெரிவது உயரம் குறைந்த வாயில். அகழி 17-ஆம் நூற்றாண்டில் தூர்க்கப்பட்டு, 1910 வாக்கில்தான் மீண்டும் தோண்டப்பட்டது; எனவே விக்டோரியா காலப் படங்களில் அகழியும் இல்லை, ஹென்றி கட்டிய கற்பாலமும் இல்லை. அந்தப் பாலத்தின் மேல் இன்று பயணிகள் படமெடுத்துக்கொள்ளும் அரச விலங்குச் சிலைகள் 20-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அலங்காரச் செங்கல் புகைபோக்கிகளில் பல 19-ஆம் நூற்றாண்டில் புதிதாகக் கட்டியவை. பெருமண்டபத்தின் வண்ணக் கண்ணாடிகள் 1840-களில் தாமஸ் வில்லிமென்ட் செய்து பொருத்தியவை. மூன்றாம் வில்லியமும் இரண்டாம் மேரியும் 1689-க்குப் பின் கிறிஸ்டோபர் ரென்னைக் கொண்டு டியூடர் அரண்மனையில் பெரும் பகுதியை இடித்துப் புதிய பாணியில் கட்டினார்கள். பணமும் மனமும் இருந்திருந்தால் முழுவதையும் இடித்திருப்பார்கள்.

1838-ல் விக்டோரியா அரசி அரண்மனையைப் பொதுமக்களுக்கு இலவசமாகத் திறந்துவிட்டார். பெரிய அருங்காட்சியகங்கள் மூடிக் கிடந்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஹாம்ப்டன் கோர்ட் திறந்திருந்தது. ஓய்வுநாள் ஆசாரத்தைக் கட்டிக்காத்தவர்கள் இதைக் கண்டித்தார்கள். தொழிலாளர் குடும்பங்கள் அதைப் பொருட்படுத்தாமல் கூட்டம் கூட்டமாக வந்தன. வந்தவர்களுக்கு டியூடர் காலம் வேண்டியிருந்தது. அது போதுமான அளவு மிஞ்சியிராததால் மராமத்துக்காரர்கள் அதைத் திரும்பச் செய்து கொடுத்தார்கள். சிதைந்ததைச் சரிசெய்தார்கள், பின்னால் வந்த சாளரங்களை மாற்றினார்கள், இருந்திருக்க வேண்டும் என்று தாங்கள் நம்பியதைச் சேர்த்தார்கள். ஆகவே கேமராவின் முன் நின்றது டியூடர் கட்டடம் என்பதைவிட, டியூடர் கட்டடத்தைப் பற்றிய விக்டோரியா காலத்து ஏக்கம் என்பதே பொருந்தும். சுவரில் தொங்கும் படத்துக்குக் காட்டும் மரியாதை பசிலியு சொன்னபடி பயணம் செய்தால், ஹென்றியின் வாசல் வரை போகாது. ஒரு மராமத்துக் கண்காணிப்பாளரின் மேசையோடு நின்றுவிடும்.

கேமரா தந்ததும் முழுச் சாட்சியம் அல்ல. அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடுகள் நீல ஒளிக்குக் கூர்மையாகவும் சிவப்புக்கு ஏறக்குறைய குருடாகவும் இருந்தன. நீல வானம் வெள்ளையாக வெளுத்தது. டியூடர் அரண்மனையின் அடையாளமான செங்கல் கருத்துப் பதிந்தது. எந்த நிறத்தால் அந்தக் கட்டடம் பெயர் பெற்றதோ அந்த நிறத்தைத்தான் தகட்டால் பார்க்க முடியவில்லை. ஈரத் தகட்டுக் காலத்தில் ஒளிபடும் நேரம் நொடிக்கணக்கில் நீண்டதால் நடந்து போனவர்கள் பதியாமலே போனார்கள். முற்றத்தின் புனிதமான வெறுமைக்கு இது ஒரு காரணம். பழமையின் பழுப்பு நிறமும் டியூடர் வகை அல்ல: தாளில் பூசிய முட்டை வெண்கரு காலப்போக்கில் மஞ்சளித்தது, அல்லது அச்சிட்டவர் வேதிப்பொருளால் ஏற்றியது. வண்ணத்தில் கிடைக்கும் 1890-களின் காட்சிப் படங்கள் பல, சூரிச் நகரில் உருவான போட்டோகுரோம் முறையில் அச்சானவை. கருப்பு வெள்ளை நெகட்டிவின் மேல் கல்லச்சில் நிறம் நிறமாக ஏற்றியவை. அவற்றில் செங்கல் சிவப்பாக இருக்கும். அந்தச் சிவப்பு அச்சுக்கூடத்தில் பிறந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் புகைப்படத்திடம் ஓவியத்துக்கு இல்லாத ஒரு பிடி இருக்கிறது. திரைப்பட விமர்சகர் ஆந்த்ரே பாஸான் 1945-ல் எழுதிய கட்டுரையில் புகைப்படத்தைச் சவ முகமூடி, கைரேகை ஆகியவற்றின் இனத்தில் வைத்தார். தூரின் நகரத்துத் திருச்சீலையையும் நினைவுகூர்ந்தார். அந்தச் சீலையை 1898-ல் செக்கொந்தோ பியா முதன்முதலாகப் படமெடுத்தபோது நெகட்டிவில் முகம் தெளிவாகத் தெரிந்ததும், மனிதக் கை படாத உருவம் என்ற பழைய பைசாந்திய நம்பிக்கை புதிய உயிர் பெற்றதும் தெரிந்த கதை. மெய்யியலாளர் கெண்டல் வால்டன் 1984-ல் இன்னும் துணிந்து சொன்னார்: புகைப்படத்தில் நாம் பொருளின் படத்தை மட்டும் பார்ப்பதில்லை, அதன் வழியே பொருளையே பார்க்கிறோம். பழைய இறையியல் வகையில் சொல்வதானால், இவர்களுக்குப் புகைப்படம் திருவுருவம் அல்ல, திருப்பண்டம். சாயலால் அல்ல, தொடர்பால் அதற்கு மதிப்பு. பேதுருவின் கல்லறையைத் தொட்ட துணியையே திருப்பண்டமாக அனுப்பிவைக்கும் வழக்கத்தை ஆதரித்து எழுதியவரும் அதே பாப்பரசர் கிரகோரிதான்.

திருப்பண்டம் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு நேர்மையாகிறது. 1890-ன் ஒரு பகலில் அந்தச் சுவரில் பட்ட வெயில் தகட்டைத் தொட்டது. தகடு தாளைத் தொட்டது. தாளை வருடிய கருவியின் எண்கள் இன்றைய அச்சு மையாயின. சங்கிலி நீளமானது, ஆனால் அறவில்லை. செங்கற்களில் ஒரு பகுதி உண்மையிலேயே வூல்சியின் சூளையில் வெந்தவை. ஹென்றி அந்தச் சங்கிலியில் எங்கும் இல்லை. அவரை வெயில் தொட்டதற்கான பதிவு கிடையாது. அவருடைய உருவத்தைப் பரப்பிய ஹோல்பைனின் வைட்ஹால் சுவரோவியமே 1698-ன் தீயில் அழிந்து, இன்று நகலில்தான் இருக்கிறது.

நினைவு என்ற வகைக்கு இன்னொரு குறையும் உண்டு: அது தப்பியதை மட்டும் நினைக்கும். ரிச்மண்ட், கிரீனிச், வைட்ஹால் என்ற டியூடர் அரண்மனைகள் இடிந்தும் எரிந்தும் போயின. ஹென்றி தம் பெருமைக்கென்றே 1538-ல் சர்ரேயில் தொடங்கிய நான்சச் அரண்மனைக்காகக் கடிங்டன் என்ற கிராமமும் அதன் ஆலயமும் தரைமட்டமாயின; மூடப்பட்ட மெர்ட்டன் துறவு மடத்தின் செதுக்கிய கற்கள் அதன் அடித்தளத்துக்குள் போயின. 1680-களில் அந்த அரண்மனையையும் இடித்து விற்றுவிட்டார்கள். டியூடர் அரசு சமயத்துக்கு என்ன செய்தது என்பதை ஒரே இடத்தில் காட்டக்கூடியது அந்தப் புல்வெளி. அதன் புகைப்படத்தை யாரும் சட்டமிட்டு மாட்டுவதில்லை, படத்தில் புல்தான் இருக்கும். எஞ்சிய ஹாம்ப்டன் கோர்ட்டின் அழகோ, நூற்றுக்கணக்கான மடங்கள் கலைக்கப்பட்டதையும், ஹென்றியின் மனைவி ஆன் பொலீன் தலை இழந்த பிறகும் மண்டபத்து மரவேலையில் அவருடைய பெயரெழுத்து ஒட்டிக்கொண்டிருப்பதையும் சொல்வதில்லை. பார்ப்பவருக்கு அமைதி கிடைக்கிறது. அந்த அமைதியில் நொடிக்கணக்கான ஒளிபடுதலுக்கும் இரண்டு நூற்றாண்டு மராமத்துக்கும் பங்கு உண்டு.

இதனால் படம் விக்கிரகம் ஆகிவிடுமா? ஆகாது. மெழுகுதிரி இல்லை, காணிக்கை இல்லை, வேண்டுதல் இல்லை. லூத்தர் சொன்ன வகையில் இது செய்தாலும் செய்யாவிட்டாலும் பாவமில்லாத காரியம். ஆனால் 1538-ன் கட்டளைகள் கவலைப்பட்டது வணக்கத்தைப் பற்றி மட்டும் அல்ல, ஏமாற்றைப் பற்றியும்தான்: தான் அல்லாத ஒன்றாகத் தன்னைக் காட்டிக்கொள்ளும் உருவம். கென்ட்டில் பாக்ஸ்லி மடத்துச் சிலுவையுருவை அந்த ஆண்டு லண்டனுக்குக் கொண்டுவந்து, அதன் கண்ணும் உதடும் கம்பிகளால் அசைந்ததைக் காட்டி உடைத்தார்கள். அந்த அளவுகோலில் வைத்தால், 1890-ஐக் காட்டும் படத்தை டியூடர் காலத்தின் படம் என்று மாட்டுவதுதான் தவறுக்கு மிக அருகில் வருகிறது. கம்பியை இங்கே இழுப்பது படம் அல்ல, பார்ப்பவரின் ஆசை.

பிரித் நிறுவனத்தின் பழைய பிரதிகள் இதற்கு ஒரு தடுப்பை வைத்திருந்தன. படத்தின் அடியில் ஓரமாக ஊரின் பெயரும் நெகட்டிவ் எண்ணும் நிறுவனத்தின் முதலெழுத்துகளும் அச்சிட்டிருக்கும். அந்த எண்ணைக் கொண்டு எடுத்த ஆண்டைக் கண்டுபிடிக்கலாம். சட்டத்துக்குப் பொருந்தும்படி ஓரத்தை வெட்டும்போது முதலில் போவது அந்த வரிதான். வரி இருக்கும் படம் ஒரு நாளின் சாட்சி; அதை வெட்டிவிட்டால் அதே படம் எந்தக் காலத்துக்கும் சொந்தம் கொண்டாடலாம்.